வெண்டிலேட்டரில் அடைத்த ஸ்வெட்டர்

தார்நூஃப்,
மார்ச் மாதக் கடைசி

அன்பு மகள் கிங்காவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அதிலும் அவர் தேவைக்கு மேலேயே சுகம், அடக்கத்தான் ஆளில்லை. டப்ளினில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியில் அப்பா பிடுங்கிப் பேசிவிடுகிறார், இந்தக் குளிரை நாங்கள் ஜெயித்த கதையை ஒரு தடவையாவது நான் முழுசாகச் சொல்ல வேண்டாமா?

உன்னோடு படித்த இவோனா போன குளிர்காலத்தில் கீழ்வீட்டுக் குளியலறையில் கேஸ் கீஸரின் விஷவாயுவால் மூச்சுமுட்டிச் செத்துப்போனபோது, நீ அழுதுகொண்டே அந்த வாயு வந்தால் கத்துகிற ஒரு அலாரம் வாங்கி அனுப்பினாயே, அதை அப்பா கோழி என்றுதான் கூப்பிடுவார். குளிர் வந்தால் நம் ஆட்கள் செய்வது உனக்குத் தெரியாததா? புகைபோக்கி துடைப்பவர் சோதனைக்கு வருகிறார் என்றதும் எல்லா வீட்டிலும் வெண்டிலேட்டரில் அடைத்த துணியை உருவி ஒளிப்பார்கள், அவரைக் கண்டதும் அதிர்ஷ்டத்துக்காகச் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொள்வார்கள், அவர் தெரு திரும்பியதும் துணி பழைய இடத்துக்கே போய்விடும். அப்பாவும் பொத்தானைப் பிடித்தார், கையோடு தன் பச்சை ஸ்வெட்டரைத் திணித்தார். "இவோனா வீட்டு கீஸர் பழசு, நம்மளது புதுசுடி, கதகதப்ப வெளிய விட்டுட்டு நான் நடுங்கணுமா" என்றார். புதுசானால் அது எரியக் காற்று வேண்டாமா?

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் குளிக்கும்போது கோழி கத்தியது. "அடியே, அதை நிறுத்து" என்று உள்ளேயிருந்து ஒரு அதட்டல். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை என்று நீ படித்துப் படித்துச் சொன்னது நினைவுக்கு வர, வெளியே வரச் சொன்னேன். அடுத்த பதில் குழறியது. தாழ்ப்பாள் பெயரக் கதவை இடித்து, கீஸரை அணைத்து, அந்த மலையை ஒரு துண்டோடு மாடிப்படிக்கு இழுத்துப் போட்டுவிட்டுத்தான் மூச்சு விட்டேன். கட்டிடமே கூடிவிட்டது. யாரோ போன் செய்து வந்த தீயணைப்புக்காரர் அந்த ஸ்வெட்டரை உருவி எல்லாருக்கும் தூக்கிக் காட்டி, "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஆளு இல்லம்மா" என்றார். வேடிக்கை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள், அவரவர் வீட்டுத் துணியை உருவத்தான்!

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அப்பா வேறு ஆள். வீடு வீடாகப் போய் ஸ்டூல் போட்டு ஏறி வெண்டிலேட்டரைப் பார்த்தார், "பொத்தானப் பிடிச்சா போதாதுய்யா, துணிய எடு" என்று சண்டை போட்டார். இப்போது எல்லா வீட்டிலும் ஒரு கோழி. பிப்ரவரியில் மேல்வீட்டில் கத்தியது, புருஷன் பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாரும் நடந்தே கீழே வந்தார்கள். இந்த வாயுவால் வரும் சாவு வருஷத்துக்கு வருஷம் குறைகிறதாம், தீயணைப்புக்காரர் சொன்னார். நம் கட்டிடத்தில் இந்தக் குளிர்காலம் ஒன்றுகூட இல்லை, கிங்கா!

நேற்று அப்பா வாசல் கதவில், சாவு அறிவிப்பு ஒட்டும் அதே இடத்தில், கறுப்புக் கரை போட்ட தாள் ஒன்றை ஒட்டினார். எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டு படித்தார்கள். "இந்தக் குளிர்காலத்தில் இங்கே யாரும் சாகவில்லை" என்று மட்டும் இருந்தது. சிரித்தார்கள், கைதட்டினார்கள். இவோனாவின் அம்மா மட்டும் வெகுநேரம் நின்றாள். பிறகு, "அடியில எம் பொண்ணு பேர எழுதுங்கண்ணே, அவளாலதானே இந்தக் கோழி வந்துச்சு" என்றாள். அப்பா பேனாவை எடுத்து எழுதினார்.

தேவமாதா உன்னைக் காக்கட்டும், நோய்நொடி அண்டாமல் நன்றாக இரு. உன் வாடகை வீட்டு வெண்டிலேட்டரைப் படமெடுத்து அனுப்பு, இல்லையென்றால் அப்பா ஸ்டூலோடு விமானம் ஏறிவிடுவார். அவருடைய முத்தமும் இதில் இருக்கிறது. முத்தம் கொடுக்க அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், உன் கோழியால்.

உன் அம்மா,
ஹலினா