ஒன்பது சதவீதம் அதிக வேகம்

மார்ச் 4, செவ்வாய்

இசைக் கலவை முடிந்தது. சரியாகப் பதினாறு நிமிடம். அக்கா எழுதிய வயலின், வியோலா, செல்லோ இசையை ஸ்டுடியோவில் பதிந்து, வெட்டி, இழுத்து, என் மின்னணு ஒலிகளோடு பின்னிவிட்டேன். எங்கே நரம்பு முடிகிறது, எங்கே மின்சாரம் தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. மேடையில் இதன்மேல் மூன்று பேர் நேரடியாகவும் வாசிப்பார்கள். நடனம் ஏப்ரல் 12.

அக்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "என் செல்லோவ மிக்ஸில போட்டு அரைச்சிருக்க. ஆனா நல்லா அரைச்சிருக்க" என்றாள். அவள் வாயிலிருந்து இதற்கு மேல் வராது.

நடன ஹாலுக்கு ஒலிக்கோப்பை அனுப்பினேன். அங்கே அதை ஓட்டும் கணினி நிரலும் நான் எழுதியதுதான். விலைக்குக் கிடைப்பதெல்லாம் குப்பை.

மார்ச் 13, வியாழன்

நடன இயக்குநரிடமிருந்து போன். ஊருக்கே மேடம், எனக்கும் மேடம். "தம்பி, பதினாறு நிமிஷம்னீங்க. பதினாலு நாப்பத்திரண்டுலயே முடிஞ்சிடுதே?"

கடைசி ஒன்றரை நிமிடம் மெல்லிய காற்றொலிதான். முடிந்துவிட்டது என்று நினைத்து முன்னாடியே கடிகாரத்தை நிறுத்தியிருப்பார். சொன்னேன். நேரில் வந்து பாருங்களேன் என்றார். நாலு பேர் வியர்ப்பதை உட்கார்ந்து பார்க்க எனக்கு எங்கே நேரம்?

மார்ச் 18, செவ்வாய்

இன்று போனில் நெட்டை. குழுவின் முதல் ஆட்டக்காரன். ஒன்பதாவது நிமிடத்தில் அவன் எம்பி, காற்றில் சுழன்று, ஒற்றைக் காலில் இறங்க வேண்டும்.

"காத்துல திரும்ப நேரமே இல்லப்பா. அந்த இடத்த மட்டும் கொஞ்சம் இழுத்துக் குடேன்."

"தாளம் கரெக்டாத்தான் இருக்கு. நீ லேட்டா எம்புற."

"நான் என்ன ரப்பர் பந்தா?"

"உன் உயரத்துக்கு, மூளை சொல்றது கால் வரைக்கும் போய்ச் சேர டைம் எடுக்கும்."

சிரித்தான். நல்லவன். ஆனால் புலம்பல் ஜாஸ்தி.

மார்ச் 22, சனி

நெட்டை விழுந்துவிட்டான். அதே துள்ளலில். வலது முழங்கால் ஜவ்வு முழுசாக அறுந்துவிட்டதாம். ஆபரேஷன். திரும்ப ஆட எட்டு மாதமாகலாம், ஆகாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னாராம். மேடம் போனில் அழுதார். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. "பயிற்சி போதலை மேடம்" என்றேன்.

அவனுக்குப் பதில் ஒரு பெண் ஆடுகிறாள். துள்ளலைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள்.

மார்ச் 30, ஞாயிறு

செத்தேன்.

இன்றுதான் வாத்தியக்காரர்கள் ஹாலுக்கு வந்தார்கள். என் ஒலி ஓட, அவர்கள் வாசிக்க — கண்றாவி. ரெண்டும் வேறு வேறு பாட்டு. செல்லோக்காரர் வில்லைத் தூக்கிவிட்டார்.

"தம்பி, உங்க மிஷின் சுருதி ஏறிப் பாடுது."

"மிஷின் ஏறாது சார். உங்க செல்லோ இறங்கியிருக்கு."

"அப்ப வயலினும் வியோலாவும் சேர்ந்து சதி பண்ணுதா?"

அக்கா ஒலிபெருக்கி பக்கத்தில் போய் நின்றாள். கண்ணை மூடிக் கேட்டாள். "முக்கால் சுரம் ஏறியிருக்கு. வேகமும் ஜாஸ்தி. இது நான் எழுதினது இல்லடா."

நிரலைத் திறந்தேன். பதினேழாவது வரி. 48,000.

ஸ்டுடியோவில் பதிந்தது வினாடிக்கு 44,100 ஒலித்துண்டுகளாக. கோப்பு எந்த வேகத்தில் பதிந்தது என்று என் நிரல் பார்க்கவே இல்லை. எது வந்தாலும் வினாடிக்கு 48,000 துண்டு என்று ஓட்டித் தள்ளியிருக்கிறது. கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம் வேகம். மூன்றரை வாரமாக. வீட்டில் வேறு மென்பொருளில் கேட்டதால் எனக்கு எல்லாம் சரியாகவே இருந்தது.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் சொன்னது: "கேபிள் பிரச்சினை. நாளைக்குச் சரியாயிடும்."

மார்ச் 31, திங்கள்

எண்ணை மாற்ற நாலு வினாடி ஆனது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

கணக்குப் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம். அந்தத் துள்ளலுக்கு இசையில் இருந்தது 0.70 வினாடி. நெட்டைக்குக் கிடைத்தது 0.64. கண் சிமிட்டுகிற நேரம்கூட இல்லை அந்த வித்தியாசம். அதில் ஒரு முழங்கால் போயிருக்கிறது.

அவன் சொன்னானே. வாயைத் திறந்து சொன்னானே! நான் என்ன பதில் சொன்னேன்?

சாயந்திரம் அக்கா வந்தாள். "கேபிளா?"

"இல்ல."

"மேடம்கிட்ட சொன்னியா?"

"அதான் சரி பண்ணிட்டேன்ல."

"பாட்ட சரி பண்ணிட்ட" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஏப்ரல் 2, புதன்

எல்லார் முன்னாலும் சொன்னேன். கேபிள் பொய்யையும் சேர்த்து.

ஒருவரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மேடம் தரையில் உட்கார்ந்துவிட்டார். "வேகமா இருக்கு, வேகமா இருக்குன்னு தினமும் சொன்னான். சோம்பேறின்னு திட்டினேனே."

பிறகு சரியான வேகத்தில் ஓட்டினேன். மேடம் அந்தப் பெண்ணை முழுத் துள்ளலையும் முயன்று பார்க்கச் சொன்னார். எம்பினாள், சுழன்றாள், இறங்கினாள். முதல் தடவையிலேயே. இறங்கிய பிறகும் மிச்சம் நேரம் இருந்தது. பூ மாதிரி நின்றாள்.

யாரும் கை தட்டவில்லை. அவளே முகத்தை மூடிக்கொண்டாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

நெட்டை வீட்டுக்குப் போனேன். காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தான். அவன் அம்மா நாற்காலி போட்டு, "பாட்டு போடுற தம்பியா? உன்னப் பத்தி நிறைய சொல்லுவான்" என்றார்.

சொன்னேன். எண்ணெல்லாம் சொன்னேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்ப நான் லேட்டா எம்பல."

"இல்ல."

"கிளம்பு" என்றான்.

சமையலறையிலிருந்து அம்மா, "அதுக்குள்ளயா? காப்பி கலக்கிட்டேனே!" என்றார். காப்பியைக் குடிக்காமலே படியிறங்கினேன்.

ஏப்ரல் 12, சனி

அரங்கேறியது. பதினாறு நிமிடம். நல்ல கைதட்டல். நான் மேடைக்குப் போகவில்லை.

மே 9, வெள்ளி

நெட்டை கூப்பிட்டான்! ஒரு மாதத்துக்கு மேல் என் போனை எடுக்காதவன்.

"அந்தத் தப்பான வேகத்துல ஓடினது இருக்கா?"

"எதுக்கு?"

"இருக்கா இல்லையா?"

"பண்ணித் தரலாம். ஆனா எதுக்குப்பா?"

"அதுல பதினோரு தடவ ஒழுங்கா இறங்கியிருக்கேன்யா. பன்னெண்டாவதுலதான் விழுந்தேன். உங்க மேடைல ஆடினது சுலபமானது. என்னுது எனக்கு வேணும்."

அவன் காலை மட்டும்தான் பறித்தேன் என்று நினைத்திருந்தேன்; அவன் ஒழுங்காக இறங்கிய அந்தப் பதினோரு தடவையையும் பறித்திருக்கிறேன் போலிருக்கிறது.

மே 11, ஞாயிறு

கொண்டுபோய்ப் போட்டேன். பதினாலு நிமிடம் நாற்பத்திரண்டு வினாடி. நெட்டை நாற்காலியில், கால் ஸ்டூல்மேல். கைகளால் மட்டும் ஆடினான். வலது கை அவன், இடது கை தரை. ஒத்திகைக்கு ஒரு நாளும் போகாத நான் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அசையாமல் பார்த்தேன். ஒன்பதாவது நிமிடம் வந்தது. வலது கை எம்பியது. காற்றில் சுழன்றது. இடது உள்ளங்கையில் ஒற்றை விரல் நுனி வந்து நின்றது. அடி பிசகவில்லை.

மன்னிப்பு பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நெற்றி வியர்வையைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ போடு" என்றான்.

போட்டேன்.