மீன் பிடிக்காத படகு

11 ஆகஸ்ட் 1979, சனி

கோபம் இன்னும் அடங்கவில்லை. தோல் தொழிற்சாலையில் வரைபடம் போடும் நானும், தையல் பிரிவு அன்வரும் மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிய பாய்மரப் படகை இன்று ஆம்பூரிலிருந்து லாரியில் ஏரிக்குக் கொண்டுபோனோம். பதினெட்டு அடி. பந்தயத்துக்கு ஏற்ற ஒடுக்கமான உடல், இரண்டு பேர் படுக்க ஒரு சின்ன அறை. அடியில் ஈயம் வைத்த பலகை. ஆழம் குறைந்தால் மேலே தூக்கிக்கொள்ளலாம். பாயின் மூலைகள் கிழியாமலிருக்க அன்வர் தோல் வைத்துத் தைத்திருந்தான்.

படகு விட அனுமதி தரவேண்டிய ஏரி அதிகாரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “வலை எங்கய்யா?”

“வலை இல்ல சார். காத்துல வேகமா ஓட்டுறதுக்குக் கட்டினது” என்றேன்.

“மீன் பிடிக்கலன்னா இன்னாத்துக்குய்யா படகு?” அறைக்குள் எட்டிப் பார்த்தார். “படுக்கை வேற. லாட்ஜ் நடத்தப் போறீங்களா?”

கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

அன்வர் நிதானமாகத்தான் பேசினான். “அடியில வெயிட்டு இருக்கு சார். எவ்ளோ சாஞ்சாலும் நிமிந்துக்கும். நீங்களே ஏறிப் பாருங்க.”

அவர் ஏறவில்லை. அறையை அறுத்தெடுத்துவிட்டு, மீன்பிடிப் படகு என்று எழுதிக் கொடுத்தால் அனுமதி தருவாராம். ரம்பம் கொண்டுவரவே ஆள் அனுப்பிவிட்டார்! நான் குறுக்கே போய் நின்றேன். “கை வச்சுப் பாருங்க” என்று கத்தினேன். ஓர் அதிகாரியிடம் நான் கத்தியது இதுதான் முதல் தடவை.

பாய்மரத்தை இறக்கி மறுபடி லாரியில் ஏற்றினோம். வீட்டு வாசலில் இறங்கியதும் அன்வர் சொன்னான். “பழவேற்காட்டுக்கு வருவியான்னு டிரைவர்கிட்ட கேட்டுட்டேன்பா. வரேன்றான்.”

இவ்வளவு தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாங்கள் கடற்கரை வரைக்கும் போகவேண்டுமா? நியாயமே இல்லை. போகத்தான் போகிறோம்.