சாம்பிராணியாகப் போன நைட்ரஜன்

அக். 3, வெள்ளி

வெயில். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து பெரம்பலூர் மாட்டுச் சினை ஊசி மையத்தைத் திறந்தேன். திரவ நைட்ரஜன் கேனுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. மூடி மட்டும் மேசைமேல்.

உதவியாளர் மணி அண்ணனைக் கேட்டேன். "பூஜை அன்னிக்குத் தொறந்தேன் தம்பி. சாம்பிராணி மாரி பொக வந்துச்சு. நல்லா இருக்கேன்னு வுட்டுட்டேன்."

மர ஸ்கேலை உள்ளே விட்டு எடுத்தேன். நுனியில்கூடப் பனி இல்லை. காய்ந்துவிட்டது. சினை ஊசிக்கு வைத்திருந்த விந்துக் குச்சிகள் மொத்தமும் செத்திருக்கும். பார்வைக்கு அப்படியே இருக்கும், அதுதான் எரிச்சல்.

சாயங்காலம் ரெட்டிபாளையம் கொளஞ்சி போன். அவர் செவலை மாடு பருவத்துக்கு வந்து கத்துகிறதாம். இரண்டு ஊசி போட்டும் சினை நிற்காத மாடு. "இந்த வாட்டியும் நிக்கலன்னா சந்தைதான் தம்பி. கறவையும் வத்திப்போச்சு, சும்மா கட்டிவச்சு எப்புடித் தீனி போடுறது?"

கேன் காய்ந்ததை மேலாளரிடம் சொன்னேன். "இருக்கற குச்சியப் போட்டுட்டு வாய்யா. மாட்டுக்கா தெரியப்போவுது?"

சின்னக் கேனைத் துடைத்துப் பையில் வைத்தேன். மறுத்துப் பேசியிருந்தால் வேலை போயிருக்கும்.

அக். 4, சனி

முதல் பஸ், அரியலூர். சின்னக் கேன் மடியில். கூடப் படித்த சரவணனின் மையத்தில் நைட்ரஜனும் நல்ல குச்சி இரண்டும் வாங்கினேன். ஊற்றும்போது சிந்தியது. தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் போலத் துளிகள் தரையில் உருண்டோடின. மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரிக்கு நம் தரையே தோசைக்கல். இந்த வேலையில் சலிக்காதது இது ஒன்றுதான்.

ரெட்டிபாளையம் டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட் அக்கா: "பொகயுதே தம்பி, ஐஸ்கிரீமா?"

"மாட்டு ஊசிக்குக்கா."

"மாட்டுக்கே ஐசா! எங்கூட்டுல ஃபேனே ஓடல."

செவலைக்கு ஊசி போட்டு முடித்தேன். வாலைப் பிடித்திருந்த கொளஞ்சி, "நிக்குமா தம்பி?"

"தெரியாதுங்க."

அவர் முகம் வாடிவிட்டது. என்ன செய்ய? மூன்று வாரத்தில் மறுபடி கத்தினால் சந்தை.

இடுப்பு வலி. சட்டை முழுக்கச் சாணி, சுண்ணாம்புக்கல் லாரிப் புழுதி.

அக். 13, திங்கள்

நைட்ரஜன் வண்டி ஒருவழியாக வந்தது. மணி அண்ணன் இப்போது மூடியைச் சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்.

"அண்ணே, இறுக்கி அடைச்சா காத்து சேந்து வெடிக்கும்ணே!"

"தொறந்தாலும் திட்டுற, மூடுனாலும் திட்டுற. கொணங்கெட்ட சாமான்யா இது."

அக். 26, ஞாயிறு

மழை. துணி காயவில்லை. கொளஞ்சியிடமிருந்து மிஸ்டு கால். கூப்பிட்டேன்.

"கத்தல தம்பி. ரெண்டு நாளா அது பக்கத்துலயே ஒக்காந்திருக்கேன். அசபோட்டுக்கிட்டுக் கெடக்கு. மாட்டு வேவாரிய வர வேணாம்னு சொல்லிட்டேன்."

சினைதானா என்று கைவிட்டுப் பார்க்க இன்னும் இரண்டு மாதம் ஆக வேண்டும். சொல்லவில்லை.