கூனிப்பாறை மலை எந்த நம்பர்?

1962 ஆகஸ்ட் 6, திங்கள். அக்கரப்பத்தனை

காலையிலிருந்து தூறல். தலவாக்கலையில் ஏறிய பஸ்ஸில் உட்கார இடமில்லை. சிவஞானம் சேர் கையில் தோட்டத்து வரைபடம், என் கையில் நூலகத்துக் கார்டுப் பெட்டி.

புறப்படும்போது தலைமை நூலகர் கேட்டது: "பூமிசாஸ்திர லெக்சரர் மலையேறட்டும். கார்டு எழுதுற ஆள் எதுக்கு?" சேர் சொன்னார்: "வரைபடத்திலை எல்லாத் தேயிலை மலைக்கும் நம்பர்தான். சனம் வேறை பேர் வைச்சிருக்கு. இவரும் தோட்டத்துப் பிள்ளை, அதை இவருக்குத்தான் சொல்லுவினம்." பெருமையாகத்தான் இருந்தது.

அவரிடம் சொல்லாதது: என் அப்பாவைப் புதைத்தது இந்தத் தோட்டத்தில்தான், தேயிலைச் செடிகளுக்கு நடுவே. அப்போது எனக்கு ஏழு வயது. கூனிப்பாறை மலை என்பார் அம்மா. தை மாதம் அம்மாவும் போய்விட்டார். எந்த மலை என்று கேட்காமலே இருந்துவிட்டேன், மடையன்.

வாங்க: உப்பு, சவர்க்காரம் (அட்டைக்கடிக்கு), பென்சில்.

ஆக. 7, செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்தது. 23 கார்டு. புளியடி மலை - பார்க்க: நம்பர் 4. கோயில் மலை - பார்க்க: 9. சேருக்குக் காலில் ஆறு அட்டைக்கடி. ஆறுக்கும் என்னைத்தான் திட்டினார்.

லயத்து வீடொன்றில் ரொட்டியும் கட்டச்சம்பலும் கொடுத்தார்கள். பதினெட்டு வருஷம் கழித்து அதே ருசி. கண் கலங்கியது. மிளகாய் என்று சமாளித்தேன்.

கணக்கப்பிள்ளையிடம் மெல்லக் கேட்டேன். "கூனிப்பாறையா? அப்புடி ஒன்னு இங்க இல்லீங்களே. சீக்கிரம் எழுதிக்கிட்டுப் போங்க. அடுத்த கெழம பழைய தேயிலையெல்லாம் புடுங்கப்போறோம்."

அப்பாவுக்கு மேல் நிற்கும் தேயிலையும் அதில்தான்.

ஆக. 8, புதன்

மழை. கொழுந்தெடுத்து ஓய்ந்த ராக்காயி அக்கா, எங்கள் பழைய லயத்துக்காரி. "அந்தப் பாறையத்தான் ரோட்டுக்குன்னு வெடி வச்சு ஒடைச்சுட்டாங்களே தம்பி. அதோட பேரும் போச்சு. ஆத்துக்கு மேலதான். எனக்குக் கண்ணு தெரிஞ்சா காட்டிருவேன்."

வேறு வழியில்லை. சேரிடம் எல்லாம் சொன்னேன். சத்தம் போட்டார். "ஏன் காணும் முதலே சொல்லேல்லை? ரெண்டு நாள் வீணாப் போச்சே!" பையிலிருந்து இன்னும் பழைய வரைபடம் ஒன்றை எடுத்து விரித்தார். ஆற்றுக்கு மேலே ஒரே ஒரு பாறைக்குறி. நம்பர் 11.

கூனிப்பாறை மலை - பார்க்க: 11. நாலு வருஷமாகக் கார்டு எழுதுகிறேன். எனக்காக எழுதியது இது ஒன்றுதான்.

ஆக. 9, வியாழன்

பனிமூட்டம். விடிந்ததும் ஏறினோம். 11-இல் பழைய தேயிலை அப்படியே நிற்கிறது. கல் இல்லை, மேடு இல்லை, ஓர் அடையாளமும் இல்லை.

"அப்பான்ரை பேர் என்ன?" என்றார் சேர்.

"ராமையா." இத்தனை வருஷத்தில் ஆபீஸில் நிரப்பும் பாரம் தவிர யாரும் கேட்டதில்லை.

எந்தத் தேயிலை நிரையில் புதைத்தார்களோ, தெரியாது. அதனால் எல்லா நிரையிலும் நடந்தேன். பாதி மலை ஏறி நிமிர்ந்தால், அந்தக் கோடியிலிருந்து சேரும் ஒவ்வொரு நிரையாக நடந்து வந்துகொண்டிருந்தார், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.