டிராலி ஓட்டும் வசிலினாவை ஊர் மாற்ற விடமாட்டோம்

அனுப்புநர்:
மொம்மே கெட்டல்சன்,
ஓய்வுபெற்ற படகோட்டி,
நடுமேடு, ஓஸ்டரூக் தீவு,
வடகடல், ஜெர்மனி.

பெறுநர்:
குடியமர்வு அலுவலர் அவர்கள்,
மாவட்ட அலுவலகம்.

பொருள்: உக்ரைனிலிருந்து வந்து எங்கள் தீவில் குடியிருக்கும் திருமதி வசிலினா ஹொரொபெட்ஸ் குடும்பத்தை நகரத்துக்கு மாற்றும் ஆணையை ரத்து செய்யக் கோருதல், ரத்து செய்யாவிடில் கீழ்ப்படிய மறுத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவில் நான் சொல்லப்போவதைத் தாங்கள் நம்பமாட்டீர்கள். தங்கள் மேலதிகாரி நம்பமாட்டார். என் மனைவி கெஷெ இப்போதே நம்பவில்லை. ஆயினும் வடகடலின் மீதும், அதில் மூழ்கிப்போன என் மூன்று தொப்பிகளின் மீதும் ஆணையிட்டுத் தொடங்குகிறேன்.

1. குளிர்காலத்தில் கடல் வந்து எங்கள் புல்வெளி முழுவதையும் மூடிக்கொள்ளும். வீடு கட்டிய மேடுகள் மட்டும் தண்ணீருக்கு மேலே தலை நீட்டும். ஆடுகளை மேட்டுக்கு ஏற்றிவிட்டு, கடல் தானாகச் சலித்துத் திரும்பும்வரை தேநீர் குடிப்போம். சென்ற ஜனவரிக் காற்றில் என் கிடா ஒன்று டென்மார்க் வரை பறந்துபோய், அங்கே குடியுரிமை கேட்டு, மறுக்கப்பட்டுத் திரும்பியது. இப்படிப்பட்ட ஊருக்குத்தான் வசிலினாவையும், மகள் யாரினாவையும், மாமனார் டெமிட்டையும் தாங்களே அனுப்பிவைத்தீர்கள். வசிலினாவின் கணவர் இன்னும் அங்கே போர்முனையில் இருக்கிறார். "உள்ளூர் மக்கள் இவர்களுடன் பேசிப் பழகி, மொழி கற்க உதவ வேண்டும்" என்றும் உத்தரவிட்டீர்கள். ஓஸ்டரூக்கின் வரலாற்றில் நாங்கள் கீழ்ப்படிந்த ஒரே அரசு உத்தரவு அதுதான். அதன் பலனைத்தான் இப்போது அனுபவிக்கிறோம்.

2. வசிலினா கார்கிவ் நகரில் டிராம் ஓட்டியவர். எங்களையும் பெருநிலத்தையும் இணைப்பது கடலுக்குள் போட்ட ஒரு கரை. அதன்மேல் ஒரு தண்டவாளம். தண்டவாளத்தின் மேல் ஒரு டிராலி. பால், தபால், சிமெண்டு, மருத்துவர், எல்லாம் அதில்தான் வந்தாக வேண்டும். பழைய ஓட்டுநர் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும், வசிலினா அதன்மேல் ஏறி நின்று ஒரு பார்வை பார்த்தார். "இதையா டிராலிங்கிறீங்க, மாமா? எங்க ஊர்ல இத பொம்மக் கடைல வச்சிருப்பாங்க" என்றார். ஓட்டினார். அன்று முதல் அவர் மணியடிக்கும் நேரத்தைக் கேட்டுத்தான் கடலே ஏறி இறங்குகிறது. தாமதமாக வந்த ஓர் அலையை அவர் திருப்பி அனுப்பியதை நானே பார்த்தேன்.

3. இனி மொழி. தங்கள் அலுவலகம் எழுதும் புத்தக மொழி எங்கள் தீவில் யாருக்கும் வாயில் வராது. பாதிரியார்கூடப் பிரசங்கத்தில் மட்டும் அதை எடுத்து உடுத்துவார். தேவாலய வாசலிலேயே கழற்றிவிடுவார். ஆகவே நாங்கள் பேசுகிற பேச்சைத்தான் கற்றுக்கொடுத்தோம். காலையோ மாலையோ நடுச்சாமமோ, யாரைப் பார்த்தாலும் "மொய்ன்" என்ற ஒரே சொல்தான் வணக்கம் என்றோம். ஆட்டை அழைக்க ஒரு சொல், காற்றைத் திட்ட நாற்பது சொல் என்று வஞ்சனையில்லாமல் வாரி வழங்கினோம். பெரியவர் டெமிட் "மொய்ன்", "ஊகூம்" என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டார். அந்த இரண்டையும் வைத்தே ஊர்க்கூட்டத்தில் என்னை இரண்டு முறை தோற்கடித்துவிட்டார்.

4. சென்ற மாதம் வசிலினா மொழித் தேர்வுக்குப் பெருநிலம் போனார். துணைக்கு நானும் போனேன். பிற்பகலில் "மொய்ன்" சொல்லி உள்ளே நுழைந்தார். அது காலை வணக்கம் என்று கருதிய தேர்வாளர் அம்மையார் உடனே ஒரு மதிப்பெண் குறைத்தார். பிறகு மழைப் படம் ஒன்றைக் காட்டி விவரிக்கச் சொன்னார். "மழை பெய்துகொண்டிருக்கிறது" என்பது எதிர்பார்த்த விடை. வசிலினா பார்த்தார். "அடச்சீ, நாசமாப்போன மழ! ஆடெல்லாம் எங்கய்யா?" என்றார். என்னைக் கேட்டால் அந்தப் படத்துக்கு இதைவிடச் சரியான விடை கிடையாது. தேர்வில் தோல்வி என்றார்கள். அதைக் காரணம் காட்டி, "இத்தீவு ஒருங்கிணைப்புக்கு உகந்த சூழல் அன்று" என்று, அடுத்த மாதம் முதல் தேதிக்குள் குடும்பத்தை உள்நாட்டு நகரம் ஒன்றுக்கு மாற்றத் தாங்கள் ஆணையிட்டீர்கள். அங்கே அவர்களுக்கு ஒரு வீடு காத்திருக்கிறதாம். வேலை இல்லை, தெரிந்த முகம் ஒன்றும் இல்லை.

5. ஆணையைக் கையில் கொடுக்கத் தங்கள் துணை அலுவலர் முனைவர் லின்டமன் நேரில் வந்தார். டிராலியில் வரமாட்டேன், இயற்கையை ரசித்தபடி நடந்து வருகிறேன் என்று கரையை விட்டு இறங்கினார். அலை இறங்கிக் கடல் வற்றிக் கிடந்த நேரத்துச் சேறு அவரை மரியாதையாக வரவேற்று, கழுத்துவரை உள்ளே அழைத்துக்கொண்டது. தொப்பியும் கைப்பையும் மட்டும் வெளியே தெரிந்தன. திரும்பி வரும் அலையின் சத்தமும் கேட்டது. வசிலினா டிராலியை நிறுத்திவிட்டு ஓடினார்.

"ஏய், நெளியாத! நெளிஞ்சா உள்ள போய்டுவ! குதிகால மொதல்ல தூக்கு. அந்தக் கால் இல்லய்யா, இந்தக் கால்! அப்பிடியே மல்லாக்கப் படு. சட்ட போனாப் போவுது, படுய்யா!"

முனைவர் லின்டமன் நெளியவில்லை. குதிகாலைத் தூக்கினார். முதலில் தவறான கால், பிறகு சரியான கால். மல்லாந்து படுத்தார். பலகை போட்டு இழுத்ததும் வெளியே வந்தார். ஐயா அவர்களைப் பணிவுடன் ஒன்று கேட்கிறேன். வசிலினா பேசுவது ஒரு மொழியே அல்லவென்றால், தங்கள் முனைவர் எதைப் புரிந்துகொண்டு காலைத் தூக்கினார்? தங்கள் தேர்வில் வென்ற யாராவது அங்கே நின்று, "தயைகூர்ந்து தங்கள் பாதத்தை உயர்த்துமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று வாக்கியத்தை முடிப்பதற்குள் அலை வந்திருக்காதா?

சேற்றோடு சேறாக நின்றபடி அவர் ஆணையை நீட்டினார். டிராலியில் உட்கார்ந்திருந்த பெரியவர் டெமிட் அதை வாங்காமல், "ஊகூம்" என்றார்.

6. ஆகவே கீழ்க்கண்டவற்றைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

ஆணையை நிறைவேற்ற வசதியில்லை. தீவை விட்டுப் போகும் வழி டிராலி. டிராலியின் ஓட்டுநர் வசிலினா. அவரை வெளியேற்ற வேண்டுமானால் அவரேதான் ஓட்ட வேண்டும். கேட்டுப் பார்த்தோம். "அன்னிக்கி நான் லீவு, மாமா" என்கிறார். படகு இருக்கிறதே என்பீர்கள். படகு என் தம்பியுடையது. அதன் இயந்திரம் அரசாங்க ஆணைகளைக் கண்டால் இருமத் தொடங்கும் சுபாவமுள்ளது.

அன்றியும், அத்தேர்வின் கேள்விகளை ஊர்க்கூட்டத்தில் எங்களுக்குள் கேட்டுப் பார்த்தோம். பாதிரியார் உட்பட அனைவரும் தோற்றோம். கெஷெ மட்டும் தேறுவாள் என்று எதிர்பார்த்தேன். "எனக்கென்ன பைத்தியமா, உன்ன விட்டுட்டு நான் மட்டும் பாஸாக? அப்பறம் எவன் இங்க ஒனக்கு அடங்குவான்?" என்று அவளும் தோற்றாள். தோற்றவர்களை நகரத்துக்கு மாற்றுவதே விதியென்றால், எங்கள் அனைவரையும் மாற்றுங்கள். ஆடுகளோடு வருகிறோம். தங்கள் அலுவலகத்துப் புல்தரை தாராளமானது என்று முனைவர் லின்டமன் சொன்னார்.

7. எனவே ஐயா அவர்கள் ஊர் மாற்ற ஆணையை ரத்து செய்யும்படியும், வசிலினா இத்தீவில் வேலை பார்த்துக்கொண்டே புத்தக மொழி கற்றுத் தேர்வை மறுபடி எழுத அவகாசம் தரும்படியும், மழைப் படத்துக்கான மதிப்பெண்ணை முழுமையாக வழங்கும்படியும் கேட்டுக்கொள்கிறோம். முதல் தேதியன்று யாரேனும் அழைத்துப்போக வந்தால் தேநீர் தருவோம். அதற்குமேல் ஒன்றும் தரமாட்டோம், யாரையும் தரமாட்டோம்.

இடம்: ஓஸ்டரூக்
நாள்: 14 மார்ச்

பணிய மறுக்கும் பணிவுடன்,
மொம்மே கெட்டல்சன்
(ஊரார் அனைவருக்காகவும்)

பின்குறிப்பு: மனுவைப் படித்துவிட்டுக் கெஷெ, "மொம்மே, இதுல ஒண்ணாவது நெசமா?" என்று கேட்டாள். கிடா டென்மார்க் போகவில்லை; பக்கத்து மேட்டுக்குத்தான் போனது. அலையை யாரும் திருப்பி அனுப்பவில்லை. முனைவருக்குச் சேறு கணுக்கால் வரைதான். ஆனால் ஒன்று உண்மை. அதை மேலே எழுதக் கை வரவில்லை. தேர்வறைக் கதவு திறந்திருந்தது. நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கடைசிக் கேள்வி, "தங்கள் இல்லம் எங்கு உள்ளது?" என்பது. வசிலினா கார்கிவ் என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "நம்ம மேட்டுலதான். வேற எங்க?" என்றார். அதற்குப் பூஜ்யம் போட்டிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தை எங்களில் யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.