மேசைக்கால் தெரியற ஏழு நிமிஷம்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் நல்லா இருப்பீங்க, இருக்கணும். இங்க நான் நல்லா இருக்கேன், தையல் மெஷினும் நல்லா இருக்கு, அப்பா மட்டும் அவ்வளவு நல்லா இல்லை. நெஞ்சுல ஒரு சின்ன வேலை இருக்காம்னு குழாய் ரிப்பேர் மாதிரி உன்கிட்ட போன்ல சொன்னாரே, அது சின்ன வேலை இல்லை, நெஞ்சைத் திறந்து பண்ற ஆபரேஷன். மூணு இடத்துல அடைப்பு. ஒரு மாசத்துக்குள்ள பண்ணியாகணும்னு டாக்டர் சொல்லி ரெண்டு மாசம் ஆச்சு, ரெண்டு தடவை தேதி குடுத்தார், ரெண்டு தடவையும் இவர் தள்ளிப் போட்டார். ஏன்னா நீ லீவுக்கு வர்றேன்னு சொல்லியிருக்கியாம், பேத்தியை ஒரு தடவை கையில தூக்கிட்டு அப்புறம்தான் படுப்பாராம். உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு என் வாயையும் கட்டிப் போட்டுட்டார். இதைப் போன்லயே சொல்லியிருக்கலாமேன்னு கேப்ப. போன்ல நான் ஒண்ணு சொன்னா நீ ஒன்பது சொல்லுவ, பத்தாவதை மாப்பிள்ளை பக்கத்துல நின்னு எடுத்துக் குடுப்பார். காகிதம்னா நான் பாட்டுக்குப் பேசி முடிக்கலாம்.

வீடியோ சமாச்சாரத்துக்கு வர்றேன், ஏன்னா எல்லாம் அதுலதான் வந்து நின்னுது. நீ அனுப்பற ஒவ்வொரு வீடியோவும் ஒரு முழு சினிமா கனம் கனக்குது. குழந்தை தும்மறதைப் பார்க்க அவ்வளவு துல்லியம் எதுக்குடி? அப்பா கையில இருக்கற அந்தக் குட்டி டேப்லெட் அதை வாங்கிப் பார்த்துட்டு, இந்த ஃபைலை இயக்க முடியாதுன்னு ஒரே வரியில கதவைச் சாத்திடுது. அந்த டேப்லெட்டும் நீ குடுத்ததுதான், உங்க வீட்டுல வேண்டாம்னு ஆனதெல்லாம் எங்க வீட்டுல பரிசுதானே. மாப்பிள்ளையைக் கேட்டேன். ஒண்ணுமே இல்லை அத்தை, இலவச சாப்ட்வேர் எத்தனையோ இருக்கு, இறக்கிக்கிட்டு, வீடியோவை வேற வகைக்கு மாத்தி, அளவைக் குறைச்சுட்டீங்கன்னா ஆச்சு, அஞ்சு நிமிஷ வேலைன்னார். அஞ்சு நிமிஷ வேலையை அங்கயே பண்ணி அனுப்ப அவருக்கு நேரம் இல்லை, பாவம், பெரிய உத்தியோகம். அறுபத்தி மூணு வயசுல எனக்குத்தான் நேரம் கொட்டிக் கிடக்குது. நீ விட்டுட்டுப் போன பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி உக்காந்தேன். முதல்ல இறக்கின இலவசம், அடுத்து அடுத்துன்னு அமுக்கச் சொல்லுச்சு, அமுக்கினேன். ஒரு சீட்டாட்டம் வந்து உக்காந்துது, வானிலை சொல்ற ஒண்ணு வந்து உக்காந்துது, உங்க கம்ப்யூட்டர் ஆபத்துல இருக்குன்னு மணிக்கொரு தரம் மிரட்டற ஒண்ணும் வந்து உக்காந்துது. வீடியோவை மாத்தத்தான் மாத்துச்சு, ஆனா வாண்டு நெத்தியில தன் கம்பெனி பேரைக் கொட்டை எழுத்துல குத்தி அனுப்புச்சு. கடைசியில நம்ம தெரு ஜெராக்ஸ் கடைக்காரர் வந்து தலையில அடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் துடைச்சுட்டு, நிஜமாவே இலவசமா இருக்கற ஒண்ணைப் போட்டுக் குடுத்தார். எந்த வகைன்னு இங்க பாருங்க, அகலம் உயரம் இங்க பாருங்க, வேண்டாத பகுதியை இங்க வெட்டுங்கன்னு மூணே மூணு காட்டினார். அளவு குறைக்கறது, வெட்டறது, இதைத்தானே நான் முப்பது வருஷமா பண்றேன், இது என்ன பிரமாதம்னு நானும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

நீ வீடியோ எடுக்கறது எப்பவும் போனை நிமித்திப் பிடிச்சு. அது டேப்லெட்ல நடுவுல ஒரு பட்டையா வருது, ரெண்டு பக்கமும் கறுப்பா சும்மா கிடக்குது. தையக்காரி கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? இவ்வளவு துணி வீணாப் போகுதேன்னு மனசு கேக்கலை. நீளமும் அகலமும் சேர்ந்தே மாறட்டும்னு அங்க ஒரு டிக் இருக்கு, அதை எடுத்துட்டு இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் இழுத்து விட்டேன். திரை நிறைஞ்சுது, குழந்தையும் நிறைஞ்சுது. கன்னம் ரெண்டும் காதைத் தாண்டிப் போச்சு. உங்கப்பாவுக்கு வந்த சந்தோஷம் இருக்கே, பாத்தியா, நம்ம பொண்ணு எப்படி ஊட்டி வளர்க்கறான்னு முடி வெட்டறவர்ல இருந்து ரத்தம் எடுக்கற நர்ஸ் வரைக்கும் ஒருத்தரையும் விடலை. மூணு வாரம் ஊரெல்லாம் காட்டியாச்சு. அப்புறம் ஜெராக்ஸ் கடைக்காரர் பார்த்துட்டு, ஏம்மா குழந்தை மேல ரோடு ரோலர் ஏறிடுச்சான்னு கேட்டப்பதான் எனக்கு விஷயம் தெரிஞ்சுது. மானம் போச்சு. எல்லாத்தையும் சரியான அளவுல திரும்பப் போட்டுக் குடுத்தேன். உடனே இவர், குழந்தை இப்படி இளைச்சுப் போச்சே, உடம்புக்கு என்னன்னு கேளுன்னு என் உயிரை எடுத்துட்டார். தப்பு என் மேலதான்னு சத்தியம் பண்ணேன், நம்பலை, உனக்காக நான் மூடி மறைக்கறேனாம். குழந்தைக்கு ஒழுங்கா சாப்பாடு குடுக்கறியான்னு அன்னிக்குப் போன்ல கேட்டு உன்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டாரே, அது இதனாலதான். அந்த ஏச்சு எனக்கு வர வேண்டியது.

போன வாரம் வாண்டு நடக்கற வீடியோ வந்துது. பதினோரு நிமிஷம். பழைய லேப்டாப் அதை மாத்தி முடிக்கறதுக்குள்ள நான் ரெண்டு பாவாடைக்கு விளிம்பு அடிச்சுட்டேன், ஓட்டிப் பார்க்காம அப்படியே டேப்லெட்ல ஏத்திக் குடுத்துட்டேன். குழந்தை சோபாவைப் பிடிச்சு எழுந்து, நாலு எட்டு வச்சு, பொத்துன்னு உக்காந்து, திரும்ப எழுந்து, நாலாவது நிமிஷத்துல எங்கயோ போயிடுது. நீ போனை எதுலயோ சாய்ச்சு வச்சுட்டு நிறுத்த மறந்துட்டே போல. மிச்சம் ஏழு நிமிஷமும் ஒரு மேசைக்காலும் ஒத்தைக் காலுறையும்தான். உங்கப்பா அதையும் பார்த்தார், எத்தனை தடவைன்னு எனக்கே கணக்கு இல்லை. என்னத்தைப் பார்க்கறீங்கன்னா, திரும்ப வந்தாலும் வருவாளேன்னார். வீட்டுல பார்க்கறப்ப டேப்லெட் சத்தம் அவர் காதுக்கு எட்டறதில்லை. செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனைக்குத் தனியாப் போனவர், அங்க மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதேன்னு காதுல ஒயரை மாட்டிக்கிட்டுப் பார்த்திருக்கார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கூட மாத்தலை, அந்தக் கடைசி ஏழு நிமிஷத்தை வெட்டிட முடியுமான்னார். அதுல வெறும் மேசைக்கால்தானே, பார்க்கறவங்களுக்கு அலுப்பா இருக்குமாம். எந்த இடத்துல வெட்டறதுன்னு பார்க்க நானும் ஒயரை மாட்டிக்கிட்டேன்.

மேசைக்காலுக்குப் பின்னாலேர்ந்து உங்க ரெண்டு பேர் குரலும் கேக்குது. லீவுக்கு அங்க போகலைன்னு அப்பாகிட்ட இன்னும் சொல்லலையான்னு மாப்பிள்ளை கேக்கறார். இப்பவே சொன்னா புலம்பித் தள்ளுவாங்க, கடைசி வாரத்துல லீவு கிடைக்கலைன்னு சொல்லிக்கலாம்னு நீ சொல்றே. அப்புறம் கடற்கரை ஓட்டல்ல எந்த ரூம்னு பேச்சு போகுது, குழந்தைக்கு ஆழமில்லாத நீச்சல் குளம் இருக்கான்னு பேச்சு போகுது. ஒவ்வொரு லீவுக்கும் அந்த வீட்டுல போய் மருந்து வாடையில உக்கார முடியாதுன்னும் சொன்னே, சொல்லிட்டு சிரிச்சே. நல்லாத்தான் இருந்துது, நீ அப்படிச் சிரிச்சுக் கேட்டு எத்தனை நாளாச்சு. எனக்கு அழுகை வந்தது, ஆனா அதுக்கு முன்னாடி ஆத்திரம் வந்தது. போங்கம்மா, தாராளமா கடல் பாருங்க, யார் வேண்டாம்னா? வரலைன்னு ஒரு வார்த்தை ஒழுங்கா சொல்லியிருந்தா மனுஷன் முதல் தேதியிலயே படுத்து எழுந்திருப்பார். பேத்தி தும்மறதைக் கூட இவ்வளவு தெளிவா அனுப்பத் தெரிஞ்ச உனக்கு அதை மட்டும் அனுப்பத் தெரியலை. ஏழு நிமிஷத்தை வெட்டிக் குடுத்தேன். நான் கேட்டதை அவர்கிட்ட சொல்லலை. தான் கேட்டதை அவரும் சொல்லலை.

மறுநாள் ரெண்டு பேருமா டாக்டரைப் பார்க்கப் போனோம். இருக்கறதுலயே கிட்டத்து தேதியைப் போடுங்கன்னு இவரே கேட்டார். டாக்டர் ஆச்சரியப்பட்டு, பொண்ணு வரணும்னு சொன்னீங்களேன்னார். நான் பக்கத்துல உக்காந்து பையோட ஜிப்பைத் திறந்து திறந்து மூடிட்டிருந்தேன்.

“அவளுக்கு லீவு கிடைக்கலை டாக்டர். அவ என்ன பண்ணுவா, பாவம்”னார் உங்கப்பா.

கடைசி வாரத்துக்குன்னு நீ எடுத்து வச்சிருந்ததை உனக்கு முன்னாடி அவரே சொல்லிட்டார். அதுக்கப்புறம் நர்ஸ்கிட்ட சொன்னார், முடி வெட்டறவர்கிட்ட சொன்னார், என்கிட்டயே சொன்னார். இந்தக் கடிதம் உன் கைக்கு வர்றதுக்குள்ள ஆபரேஷன் முடிஞ்சிருக்கும், நல்லபடியா முடிஞ்சிருக்கணும். டேப்லெட்ல நாலு நிமிஷ வீடியோவைப் போட்டுத் தயாரா வச்சிருக்கேன், கண் முழிச்சதும் கேப்பார்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாம நல்லா இருங்க, வாண்டு ஓடி விளையாடி நல்லா வளரட்டும், திட்டினாலும் என் ஆசீர்வாதத்துல ஒரு குறையும் வைக்கலை. ஒண்ணே ஒண்ணை மட்டும் மறந்துடாதே. போன் பண்றப்ப லீவு கிடைக்கலைன்னே சொல்லு. மனசு மாறி நீ புறப்பட்டு வந்தாலும், கடைசி நிமிஷத்துல லீவு குடுத்துட்டாங்கன்னு சொல்லிட்டு உள்ள வா. உனக்காக அவர் ஊர் முழுக்கப் பொய் சொல்லி வச்சிருக்கார், அந்த மனுஷனைப் பொய்யராக்கிடாதே.

இப்படிக்கு,
உன் மேல கோபம் தீராத, ஆனா உன்னையே நினைச்சுட்டிருக்கற
அம்மா