எல்லாக் கதவும் ஒரே மாதிரி

பெங்களூர்,
ஆகஸ்ட் 1963

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் மனைவி தனக்கோடி வணக்கம் சொல்லி எழுதுவது. விரலில் பட்ட காயம் ஆறிவிட்டதா? ஜபல்பூரில் மழை அதிகம் என்று ரேடியோவில் சொன்னார்களாம். கையை நனையவிடாதீர்கள்.

புது வீட்டுக்கு வந்துவிட்டோம். குறை சொல்லக் கூடாது. கூரை ஒழுகவில்லை. தனிக் கக்கூஸ் இருக்கிறது. சிவாஜிநகர் சந்தில் இதெல்லாம் நமக்கு ஏது? ஆனால் சந்து வீடுகளைக் காலி செய்து, சர்க்கார் சீட்டுக் குலுக்கி வீடு கொடுத்ததில் சந்துக்காரர்கள் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்டோம். சந்திரம்மா அக்கா லேஅவுட் என்கிற இந்தக் குடியிருப்பின் மறுகோடியில் இருக்கிறார். பக்கத்து வீடுகளில் புது ஆட்கள்.

மாமாவைப் பற்றி எழுத வேண்டும். கண் போன பிறகும் உங்கள் அப்பா சந்தில் ஒருநாளும் வீட்டில் அடைந்து கிடந்ததில்லை. கறிக்கடை வாடை வந்தால் இடது பக்கம், தையல் மெஷின் சத்தம் கேட்டால் கோவிந்தப்பா டீக்கடை என்று தானே போய் வருவார். வண்டி வந்தால் யாராவது கையைப் பிடித்து ஒதுக்கிவிடுவார்கள். இங்கே ரோடு மைதானம் போல அகலம். கடை இல்லை, சத்தம் இல்லை. வீடெல்லாம் ஒரே அளவு, கதவெல்லாம் ஒரே மாதிரி.

போன வாரம் நான் கன்டோன்மென்ட்டில் வேலைக்குப் போயிருந்தபோது வெளியே நடந்திருக்கிறார். கல் உடைக்கும் பள்ளத்தின் விளிம்பில் நின்றவரை ஒரு மாட்டுவண்டிக்காரர் பிடித்து இழுத்திருக்கிறார். எந்த வீடு என்று மாமாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த மனிதர் கதவு கதவாகத் தட்டிக் கேட்டிருக்கிறார். யாருக்கும் மாமாவைத் தெரியவில்லை. பஸ் கிடைத்து நான் வந்து சேரும்வரை ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தார்.

மாமாவைப் பார்த்துக்கொள்ள, சந்திரம்மா அக்கா நம் பக்கத்து வீட்டுக்கே வருகிறேன் என்றார். பக்கத்து வீட்டுக்காரரும் வீடு மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார். லேஅவுட் வேலையைப் பார்க்கும் சேஷகிரி என்ற என்ஜினீயர் நம் ஆள்தான், தமிழ். நல்லவர். வீடு மாற்றக் கேட்டு எழுதிய மனுவை அவரே மேலதிகாரிகளிடம் எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து வாசலிலேயே நின்றார். "ஒரே சந்துக்காரங்களை ஒண்ணா வையுங்கோன்னு பிளான் போடறச்சேயே சொன்னேம்மா. சீட்டுதான் நியாயம்னுட்டா. இப்போ மாத்தினா எல்லாரும் கேப்பாளாம். என் கையில ஒண்ணும் இல்லே" என்றார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமலே போய்விட்டார்.

வேலையை விடலாம் என்றால் உங்கள் சம்பளம் மட்டும் போதாது. மறுநாள் கிளம்பும்போது கதவருகில் நின்றுகொண்டே இருந்தேன். மாமாவுக்குப் புரிந்துவிட்டது. "வெளியே பூட்டிட்டுப் போம்மா. வேலை செய்ற எடத்துல நீ பயந்துக்கிட்டு இருக்க வேணாம்" என்றார். பூட்டினேன். பஸ்ஸில் உட்கார முடியவில்லை. சாயங்காலம் திறந்தபோது, காலையில் விட்ட இடத்திலேயே சுவரைத் தொட்டபடி உட்கார்ந்திருந்தார். நாள் எப்படிப் போனது என்று கேட்டேன். பகலா ராத்திரியா என்று தெரியவில்லை, யாரும் பேசுவது காதில் விழவில்லை என்றார்.

அன்றிலிருந்து தினமும் பூட்டுகிறேன். உங்களுக்கு எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

உங்கள் பெரிய ஆபீசரிடம் லீவு கேளுங்கள். நாலு நாள் கொடுத்தாலும் வாருங்கள். எதுவும் வாங்கி வர வேண்டாம். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் நீங்கள் வீட்டில் இருந்தால் போதும்.

உங்கள்
தனக்கோடி